மணிமுடி கொண்டுவந்தவன்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள். மாலைத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பங்கு இளைஞர் இருவர் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியைப் பற்றி உரக்க வாதாடிக்கொண்டிருந்தனர். ஒருவன் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் அல்கராசின் பக்கம். மற்றவன் இத்தாலியின் யானிக் சின்னரின் பக்கம். ஒரு மாதத்திற்கு முன்னர்தான், ஜூன் 8-ஆம் நாள், பாரிஸில் இவ்விருவரும் ஐந்தரை மணி நேரத்திற்கு ஒரு நிமிடம் குறைவாக ஆடியிருந்தனர். கோப்பையைக் கைப்பற்ற ஒரே ஒரு புள்ளி போதும் என்ற நிலை சின்னருக்கு மும்முறை வாய்த்தும், இறுதியில் அல்கராசே வென்றார். அந்த வெற்றியின் சூடு இன்னும் ஆறாத முதலாமவன் என்னைக் கண்டதும் வாதத்திற்குள் இழுத்தான். விம்பிள்டன் நான்காம் சுற்றில் சின்னர் கீழே விழுந்து வலது முழங்கையில் அடிபட்டிருந்தார். அதைக் குறித்து அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அந்தக் கை இன்னும் நாலு நாளைக்குச் சரியாகாம இருந்தாப் போதும் சாமி!”

நானும் சிரித்தேன். அறைவீட்டுப் படியேறும்போதுதான் அச்சிரிப்பு நின்றது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே சொற்களைச் சொன்ன ஒரு மனிதனும், அவனைப் பற்றிய செய்தியை வாசித்த ஓர் இளைஞனும் நினைவுக்கு வந்தனர். அவ்விளைஞன் நான்.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெண்களுக்கான டென்னிஸ் போட்டியின் காலிறுதி ஆட்டம். உலகத் தரவரிசையில் முதலிடம் வகித்த மோனிகா செலஸ், பல்கேரிய வீராங்கனை மக்தலேனா மலீவாவை எதிர்த்து 6-4, 4-3 என்று முன்னணியில் இருந்தார். இடைவேளைக்காக வந்து நாற்காலியில் அமர்ந்தார். சற்றே முன்னால் குனிந்தார். பின்னாலிருந்த பார்வையாளர் பகுதியிலிருந்து முப்பத்தெட்டு வயது மனிதன் ஒருவன் தடுப்பின்மேல் சாய்ந்து, இறைச்சி அறுக்கும் நீண்ட கத்தியால் அவருடைய தோள்பட்டைகளுக்கு இடையே குத்தினான். காயத்தின் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். செலசுக்கு அப்போது வயது பத்தொன்பது.

குத்தியவனுக்குச் செலசோடு எவ்விதப் பகையும் இருந்ததில்லை. அவன் ஜெர்மானிய வீராங்கனை ஸ்டெபி கிராபின் ரசிகன். கொல்வது தன் நோக்கமன்று என்றும், செலஸ் சில வாரங்கள் ஆட முடியாமற் போனால் கிராப் மீண்டும் முதலிடத்தை அடைவார், அது ஒன்றே தனக்கு வேண்டியது என்றும் அவன் விசாரணையில் கூறினான். அவனுடைய பெயர் எல்லா நூல்களிலும் உள்ளது. இங்கே எனக்கு அது தேவைப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை வெறும் மனநோயாளியின் செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவன் இயல்பான மனநிலை உடையவனல்லன் என்றே நீதிமன்றமும் கண்டது. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவன் விரும்பிய விளைவு என்ன? செலஸ் சில வாரங்கள் களத்தில் இல்லாமலிருப்பது. அவ்விளைவை அந்த ஆண்டில் விரும்பியவன் உலகில் அவன் ஒருவன்தானா? கத்தியை எடுத்தவன் ஒருவன், அது மெய். கத்தியின்றி அதே விளைவை விரும்பியவர்களின் தொகையை யார் எண்ணுவது?

அந்நாளைய போட்டியின் வேகத்தை இன்றைய இளைஞர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். கிராப் 1988-இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர். அவருடைய முன்கை அடி ஒரு சாட்டை. அதற்கு எதிர்நிற்க ஆளில்லை என்றிருந்த வேளையில், யூகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரிலிருந்து இருபுறமும் இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் குரலெழுப்பி ஆடும் ஒரு சிறுமி வந்தாள். 1990 மே மாதத்தில் பெர்லினில், கிராபின் சொந்த மண்ணில், அவருடைய 66 தொடர் வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தாள். அடுத்த மாதமே பாரிஸிலும் கிராபை வென்றாள். 1991 தொடக்கத்திலிருந்து 1993 தொடக்கம்வரை செலஸ் கலந்துகொண்ட கிராண்ட் ஸ்லாம் போட்டிகள் எட்டு, வென்றவை ஏழு. தோற்ற ஒன்று 1992 விம்பிள்டன் இறுதி ஆட்டம். கிராப் அதை 6-2, 6-1 என்று முடித்தார். அவ்வாண்டு அதற்குச் சில வாரங்களுக்கு முன் பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்திலோ மூன்றாவது செட் 10-8 வரை சென்று செலஸ் பக்கம் சாய்ந்தது.

ஆக, யார் மேல் என்று வாதாடுவதற்கு இரு தரப்புக்கும் போதிய சரக்கு இருந்தது. எங்கள் குருமடத்திலும் அவ்வாதம் நடந்தது. மெய்யியலில் கடவுளின் இருப்புக்கான ஐந்து வழிகளைப் பற்றிக்கூட நாங்கள் அவ்வளவு சூடாக வாதாடியதில்லை. நான் கிராபின் கட்சி. ஏன் என்று கேட்டால் இன்றும் சரியான விடை இல்லை. அவர் அதிகம் பேசாமல், வென்ற கையோடு தலைகுனிந்து நாற்காலிக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது. செலசின் குரல் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் காரணம். ரசிகர்களின் பற்று பெரும்பாலும் இப்படிப்பட்ட அற்பக் காரணங்களில் வேரூன்றி, பின்னர் புள்ளிவிவரங்களால் தனக்கு வேலி கட்டிக்கொள்கிறது.

ஹாம்பர்க் செய்தி வந்தபோது நான் கோடை விடுமுறையில் ஊரிலிருந்தேன். தேநீர்க்கடையில் செய்தித்தாளைப் பிரித்துப் படித்தேன். முதலில் அதிர்ச்சி, அது உண்மையானது. “ஐயோ” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. பக்கத்தைத் திருப்புவதற்குள் இரண்டாவதாக ஓர் எண்ணம் வந்தது: இன்னும் நான்கு வாரத்தில் பிரெஞ்ச் ஓபன்.

அறநெறி இறையியலில், உள்ளத்தின் முதல் அசைவுகளைப் பற்றிக் கற்பித்தார்கள். அறிவும் விருப்பமும் விழித்தெழுமுன் தானாக எழும் எண்ணம் பாவமன்று. அதற்கு இசைவு தரும்போதே பொறுப்பு தொடங்குகிறது. இது ஞானமுள்ள வேறுபாடு. எத்தனையோ நுண்ணிய மனச்சாட்சிகளை வீண் வேதனையிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முழு விடுதலை தரவில்லை. அவ்வெண்ணம் தானாக வந்தது என்பது சரி. நான் அதை வெளியே போகச் சொல்லவில்லை, உட்கார வைத்தேன். ஜூன் மாதத்தில் கிராப் பிரெஞ்ச் ஓபனை வென்று மீண்டும் முதலிடத்தை அடைந்த செய்தி குருமட வாசிப்பறைக்கு வந்தபோது, நான் மேசையைத் தட்டி மகிழ்ந்தேன். எதிரே செலஸ் கட்சிச் சகோதரர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. “யாரை ஜெயிச்சாங்க பிரதர்?” என்று கேட்டார். “மேரி ஜோ பெர்னாண்டசை” என்றேன். “ஓ” என்று சொல்லி எழுந்து சென்றார்.

புனித தோமா அக்குவினாஸ் பொறாமையை ஒரு வகைத் துயரம் என்கிறார். பிறருடைய நன்மை தன் பெருமையைக் குறைப்பதாகக் கருதி அந்நன்மையைக் குறித்து வருந்துவது அது. புனித பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி அவர் பொறாமைக்கு ஐந்து புதல்வியரையும் எண்ணுகிறார்: வெறுப்பு, புறம்பேசுதல், அவதூறு, அடுத்தவரின் கேட்டில் மகிழ்ச்சி, அடுத்தவரின் வளத்தில் வருத்தம். வள்ளுவரும் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆனால் இவ்விலக்கணங்களில் எங்கும் ரசிகன் நேராகப் பொருந்துவதில்லை. செலஸ் வென்றால் என் பெருமையில் என்ன குறைந்தது? நான் டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்தவனல்லன். கிராபுக்கு என்னைத் தெரியாது. குயவனுக்குக் குயவன்மேல் பொறாமை வருவது இயல்பென்று பண்டையோர் சொல்வர். ஒரு குயவனுக்காக, பானையே செய்யத் தெரியாத ஒருவன் இன்னொரு குயவன்மேல் பொறாமை கொள்வதை என்னவென்பது?

இது கடன் வாங்கிய பொறாமை. அதனாலேயே இது ஆபத்தானது. தன்னலத்தால் எழும் பொறாமையை மனச்சாட்சி என்றேனும் அடையாளம் கண்டுகொள்ளும், வெட்கமாவது வரும். இன்னொருவருக்காகக் கொள்ளும் பொறாமையோ அன்பின் உடையை அணிந்து வருகிறது. நான் எனக்காகவா கேட்டேன், அவருக்காக அல்லவா என்று அது சொல்லும். ஹாம்பர்க் மனிதனும் அதையேதான் சொன்னான். நான் வாரந்தோறும் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றுகொண்டிருந்த அவ்வாண்டில், கோபத்தையும் சோம்பலையும் செபத்தில் பராக்கையும் அறிக்கையிட்டேன். இதை ஒருநாளும் சொல்லவில்லை. பாவமென்று தோன்றினால் அல்லவா சொல்வதற்கு!

சாமுவேல் நூல் எனக்கு வேறுவிதமாக விளங்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். சவுலுக்கும் தாவீதுக்கும் இடையே பகை எப்படித் தொடங்கியது? தாவீது எதுவும் செய்யவில்லை. சவுலும் அதுவரை அவனை விரும்பியே வைத்திருந்தான். பெலிஸ்தியனை வீழ்த்தித் திரும்பியபோது, நகர்களிலிருந்து பெண்கள் கஞ்சிராவோடு ஆடிப் பாடி வந்து, ஒருவன் கொன்றது ஆயிரம், மற்றவன் கொன்றது பதினாயிரம் என்று கணக்குச் சொன்னார்கள். வெற்றியைப் பாடியிருக்கலாம், ஒப்பிட்டுப் பாடினார்கள். அன்று முதல் சவுல் தாவீதைக் கண்வைத்தான். மறுநாளே ஈட்டியை எறிந்தான். பாடிய பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. களத்திலுள்ள இருவரைப் பகைவராக்குவது பல நேரங்களில் களத்திற்கு வெளியே நிற்கும் பாட்டுத்தான்.

ஒரு தடை எழக்கூடும். விளையாட்டில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாகவேண்டும்; தன்னவர் வெற்றியை விரும்புவதும் மற்றவர் தோல்வியை விரும்புவதும் ஒன்றுதானே, இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றுதான் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் டென்னிஸ் ஆட்டமே இதற்கு விடை வைத்திருக்கிறது. எதிராளி இரு முறையும் சர்வீசைத் தவறாகப் போட்டால் புள்ளி நமக்கு வருகிறது. எதிராளியின் நல்ல அடியை அதைவிட நல்ல அடியால் வென்றாலும் புள்ளி நமக்கே. பலகையில் இரண்டும் ஒன்று. ஆயினும் தவறுக்குக் கைதட்டக்கூடாது என்பது அவ்வாட்டத்தின் பழைய மரபு. ஏன்? முதலாவதில் ஒருவர் சிறுமையடைந்தார்; இரண்டாவதில் இருவரும் உயர்ந்தனர். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அரங்கத்தின் பெரும்பகுதி ரோஜர் பெடரரின் பக்கம் நின்றது; நோவாக் ஜோகோவிச்சின் தவறுகளுக்கும் கரவொலி எழுந்தது. பெடரர் இருமுறை கோப்பைக்கு ஒரு புள்ளி தொலைவில் நின்று தோற்றார். கூட்டம் பெடரரின் பெயரைச் சொல்லி முழங்கியபோது தன் பெயரைக் கேட்பதாக எண்ணிக்கொண்டேன் என்று ஜோகோவிச் பின்னர் கூறினார். ஒருவர் தம் சொந்தக் காதை ஏமாற்றித்தான் அன்று பிழைக்கவேண்டியிருந்தது.

எதிராளியின் தோல்வியை விரும்புவது வேறு. எதிராளியே இல்லாமற் போவதை விரும்புவது வேறு. முதலாவது ஆட்டத்திற்குள் நிற்கிறது. இரண்டாவது ஆட்டத்தையே அழிக்கிறது. ஆடுகிறவர்களுக்கு இது நன்கு தெரியும். மார்ட்டினா நவரத்திலோவாவும் கிறிஸ் எவர்ட்டும் தம்முள் 80 முறை மோதினார்கள்; 43 ஒருவருக்கு, 37 மற்றவருக்கு. பிற்காலத்தில் இருவரையும் புற்றுநோய் தாக்கியபோது ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். ரசிகனுக்குத்தான் எதிராளி வேண்டாதவர்.

ஹாம்பர்க்கின் பின்கதை நீண்டது. கிராப் மருத்துவமனைக்குச் சென்று செலசைப் பார்த்தார். போட்டி நிறுத்தப்படவில்லை, தொடர்ந்து நடந்தது. யாருக்காகக் கத்தி எடுக்கப்பட்டதோ அவர் அந்த இறுதி ஆட்டத்தில் அரான்சா சான்செஸிடம் தோற்றார். செலஸ் திரும்பி வரும்வரை அவருடைய முதலிடத்தைக் காத்து வைப்பதா என்று முன்னணி வீராங்கனைகளைக் கேட்டபோது, வாக்களித்தவர்கள் வேண்டாம் என்றனர். அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாட்டினி மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கினார் என்று செலஸ் பின்னாளில் தெரிவித்தார். அக்டோபரில் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஈராண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்தது. 1995-இல் மறு விசாரணையிலும் அதுவே உறுதியாயிற்று. அவன் சிறைக்குச் செல்லவில்லை. செலஸ் அதன்பின் ஜெர்மானிய மண்ணில் ஒருமுறையும் ஆடவில்லை.

முதுகுப் புண் சில வாரங்களில் ஆறியது. அவர் களத்திற்குத் திரும்ப இரண்டே கால் ஆண்டுகளுக்குமேல் ஆயின. அச்சம், உறக்கமின்மை, மனச்சோர்வு, தந்தைக்குப் புற்றுநோய், உணவால் மனத்தை ஆற்றிக்கொள்ள முயன்று உடலும் கைவிட்டது. இவற்றையெல்லாம் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஹாம்பர்க்குக்கு முன் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் எட்டு. பின் வென்றது ஒன்று, 1996 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில். கிராபின் மொத்தம் 22. ஹாம்பர்க்குக்கு முன் பதினொன்று, பின் பதினொன்று. செலஸ் இல்லாத காலத்தில் மட்டும் ஆறு.

இவ்வெண்களை வைத்து ரசிகர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். அந்தக் கத்தி இல்லையென்றால் கிராபுக்கு இருபத்திரண்டு ஏது என்கிறது ஒரு தரப்பு. 1992 விம்பிள்டனை மறந்தீர்களா என்கிறது மறுதரப்பு. இதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. கிராபின் பட்டங்களிலிருந்து சிலவற்றைக் கழிக்கிறவர்கள் நீதி செய்வதாக எண்ணுகிறார்கள். ஆனால் அவர் செய்யாத குற்றத்தின் தண்டனையை அவர்மேல் சுமத்துகிறார்கள். தீமையால் நன்மை பெறுவது வேறு, தீமைக்கு உடன்படுவது வேறு என்பது நம் அறநெறியின் பழைய பாடம். ஆயினும் அவருடைய நிலை எளிதானதன்று. தம் பெயரால், தம்மேல் கொண்ட அன்பால், ஒருவர் குத்தப்பட்டிருக்கிறார். அதன் பயன் தமக்கு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

இந்த நிலையில் நின்ற இன்னொருவன் தாவீது. கில்போவா மலையில் சவுல் வீழ்ந்தபின், அமலேக்கியன் ஒருவன் அரசனின் மணிமுடியையும் தோள்வளையையும் எடுத்துக்கொண்டு சிக்லாகுக்கு ஓடிவந்தான். தானே சவுலைக் கொன்றதாகச் சொன்னான். அவன் கணக்கு எளிது: சவுல் தாவீதை வேட்டையாடியவன், சவுல் இல்லையென்றால் தாவீது அரசன், எனவே தாவீது மகிழ்வான். நற்செய்தி கொண்டுவந்த முகத்தோடுதான் அவன் வந்திருக்கவேண்டும். தாவீதோ ஆடையைக் கிழித்துக்கொண்டு மாலைவரை உண்ணாமல் அழுதான். தன்னைக் கொல்லத் தேடியவனுக்காக இரங்கற்பா பாடினான். மணிமுடி கொண்டுவந்தவனுக்கு அவன் அளித்த தீர்ப்பு கடுமையானது. நான் அதை இங்கு நியாயப்படுத்த வரவில்லை. நான் நினைப்பது அம்மனிதன் ஓடிவந்த அந்த வழியைப் பற்றி. தாவீதின் உள்ளத்தைத் தான் அறிந்திருப்பதாக அவன் வழியெல்லாம் நம்பியிருப்பான். அன்பு கொண்டவர்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். தாம் அன்பு செய்கிறவரைக் கேட்பதேயில்லை.

1995 செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதி ஆட்டத்தில் இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். முதல் செட்டின் டை-பிரேக்கரில், செட்டை வெல்லும் புள்ளியில் செலஸ் போட்ட சர்வீஸ் கோட்டில் பட்டதென்று அவர் கையுயர்த்த, வெளியே என்று நடுவர் அறிவித்தார். கிராப் 7-6, 0-6, 6-3 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் வலையருகே இருவரும் தழுவிக்கொண்டனர். அப்புகைப்படத்தை வாசிப்பறையில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்சி வென்றிருந்தது. மேசையைத் தட்டவில்லை. அதற்குள் அந்தச் சகோதரர் வேறு குருமடத்திற்குச் சென்றிருந்தார். 1993 ஜூனில் அவர் கேட்ட கேள்வியின் பொருள் எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கு எழுத எண்ணினேன், எழுதவில்லை.

இவற்றுள் ஒரு பகுதியை மறுநாள் மாலை அந்த இளைஞனிடம் சொன்னேன். மறையுரையாகச் சொல்லவில்லை, கதையாகத்தான். அவன் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்திய செய்தி. கேட்டுக்கொண்டிருந்தவன், “நான் சும்மா சொன்னேன் சாமி” என்றான். நானும் அன்று சும்மாதான் நினைத்தேன் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு. விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் சின்னர் முதல் செட்டை இழந்து, பின் மூன்றையும் 6-4, 6-4, 6-4 என்று வென்றார். முழங்கையில் ஓர் உறை அணிந்திருந்தார். மறுநாள் மாலைத் திருப்பலி முடிந்தபின் அல்கராஸ் கட்சிக்காரன் தூண் ஓரமாகத் தனியே நின்றான். முகம் வாடியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே அருகில் வந்து, “அந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படி அடிச்சான் பாத்தீங்களா சாமி?” என்றான். பின்னர் நான்காவது செட்டின் கடைசி ஆட்டத்தை, ஒவ்வொரு புள்ளியாக, எனக்கு விவரித்துக்கொண்டே கூட நடந்து வந்தான்.